யானை தெருவுக்கு வந்தால் யார் பொறுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத முற்பகலில், காவிரிப் படுகையில் உள்ள ஒரு கோவில் நகருக்கு உறவினர் இல்லத் திருமணத்துக்காகச் சென்றிருந்தேன். மண்டப வாசலில் விருந்தினரை வரவேற்க ஒரு யானையை நிறுத்தியிருந்தார்கள். குழந்தைகள் அதன் காலடியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். யானை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றியபடி ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. பாகனிடம் சென்று, "எவ்வளவு நேரமாக நிற்கிறது, தம்பி?" என்று கேட்டேன். "விடியக்காலையிலேருந்துங்கய்யா. தார் ரோடு, அதுக்கும் சுடுது, எனக்கும் சுடுது" என்றார்.

சற்று நேரத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். யானை நாலடி பின்வாங்கியது. நிறுத்தி வைத்திருந்த இருசக்கர வண்டிகள் வரிசையாகச் சாய்ந்தன. ஒரு தாய் தன் குழந்தையை இழுத்துக்கொண்டதால் அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. நகராட்சி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "யானை வனத்துறை விஷயம்" என்றார்கள். வனத்துறை அலுவலகத்தில், "உரிமைச் சான்று இருந்தால் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை, தெருவில் பாதுகாப்பு என்றால் காவல் துறையைக் கேளுங்கள்" என்றார்கள். காவல் நிலையத்தில், "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "பிறகென்ன, சார்?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.

அந்த மூன்று பதில்களையும் நான் அலட்சியம் என்று தள்ளிவிடவில்லை. நம் சட்டங்களின் அமைப்பை அவை அப்படியே எதிரொலித்தன. ஆபத்தான வன விலங்கை யார் வைத்திருக்கலாம் என்பதைச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. அந்த விலங்கு நடக்கும் தெருவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் தெளிவான விடை இல்லை. அந்த விடையின் ஒரு பகுதியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டியும் பாடமும்

பொருளியல் மாணவர்களுக்கு ரொனால்டு கோஸ் 1960-இல் எழுதிய 'சமூகச் செலவு' பற்றிய கட்டுரையைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். அதில் அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் எங்கள் மாவட்டத்து மாணவர்களுக்குப் புதிதன்று. ஒருவருடைய மாடு அடுத்தவர் வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்துவிடுகிறது. இழப்பை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. பேரம் பேசச் செலவில்லை என்றால் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது கோஸ் சொன்னதன் சாரம். சம்பா நாற்றங்காலில் மாடு இறங்கிய அன்று ஊரில் என்ன பேரம் நடக்கும் என்பதை மாணவர்கள் எனக்குச் சொல்லித் தருவார்கள்.

அந்தப் பேரம் முறிந்துபோகும்போது உதவுவதற்காகவே ஊருக்கு ஊர் பட்டிகள் இருந்தன. மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார்கள். உரியவர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்டுச் செல்வார். இதற்கு அடிப்படை 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். அச்சட்டம் 'கால்நடை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் எருமை, குதிரை, கழுதை, ஆடு ஆகியவற்றோடு யானையும் இடம்பெற்றிருக்கிறது. அதன் பழைய அபராதப் பட்டியலில் மாட்டுக்கு நான்கு அணா. யானைக்கு இரண்டு ரூபாய். இன்று படிக்கும்போது புன்னகை வருகிறது. ஆனால், விலங்கால் விளையும் இழப்பைக் கணக்கிடவும் வசூலிக்கவும் ஊரிலேயே ஓர் இடமும் ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை எண்ணத்தில் தவறேதும் இல்லை.

கோஸின் வாதம் பொருந்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாட்டுக்காரரும் வயல்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக, பேசக்கூடியவர்களாக இருக்க வேண்டும். தேர்வீதியில் யானையைக் கடந்துபோகும் ஆயிரம் பேர் அதன் உரிமையாளருடன் முன்கூட்டியே எந்தப் பேரமும் பேச முடியாது. யானையால் வரும் பெருமையும் வருவாயும் வைத்திருப்பவருக்குச் சேர்கின்றன; ஆபத்தோ பாகனையும் வழிப்போக்கரையும் சேர்கிறது. இதைத்தான் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். இத்தகைய இடத்தில் விதியை முன்கூட்டியே வகுத்து, அதை அருகிலிருந்து கண்காணிக்க ஒருவர் வேண்டும்.

அதிகாரம் மேலே சென்ற கதை

கால்நடைச் சட்டம் பிறந்த அதே காலத்தில்தான், 1871-72-இல், தஞ்சாவூர் நகராட்சி பெரிய கோவிலை ஒட்டிச் சிவகங்கைப் பூங்காவை மக்கள் பூங்காவாக அமைத்தது. என் தலைமுறையினருக்கு அது மான்களையும் குரங்குகளையும் மயில்களையும் கூண்டில் கண்ட இடம். விலங்குகளை வைத்துப் பராமரிப்பது நகராட்சியின் இயல்பான பணிகளுள் ஒன்றாக அன்று கருதப்பட்டது. ஊருக்கு வரும் சர்க்கஸில் சிங்கமும் புலியும் கரடியும் இருந்தன. கூடாரத்துக்கு இடம் தருவதும் வரி வசூலிப்பதும் உள்ளூர் நிர்வாகத்தின் வேலை.

பின்னர் இந்த அதிகாரம் படிப்படியாக மேலே சென்றது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் காடுகளையும் வன உயிரினப் பாதுகாப்பையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1991-இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின் வழியே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவாகி, அதன் அங்கீகாரம் இன்றி எந்தக் காட்சிசாலையும் இயங்கக் கூடாது என்றாயிற்று. 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதை மத்திய அரசு தடை செய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து காட்டு விலங்குகள் விடைபெற்றன. சிவகங்கைப் பூங்காவின் மான்களும் வேறிடம் சென்றன.

இந்த மாற்றங்களை நான் வரவேற்கிறேன். கூண்டுக்குள் நடைபோட்டுக்கொண்டே இருந்த விலங்குகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் எவரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். ஆனால், எல்லா விலங்குகளும் சென்ற பிறகும் ஒன்று மட்டும் நம் தெருக்களில் தங்கிவிட்டது. அதற்குரிய அதிகாரம் தலைநகருக்குப் போய்விட்டது. விலங்கு இங்கேயே நிற்கிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

யானை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்றது. வளர்ப்பு யானைக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கும் உரிமைச் சான்று வேண்டும். பிற வன விலங்குகளைப் புதிதாகப் பெறுவதற்கு 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கடும் தடை விதித்தபோதும், உயிருள்ள யானைக்கு மட்டும் விலக்குத் தரப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் திருத்தம், செல்லத்தக்க உரிமைச் சான்று உள்ளவர் 'சமய நோக்கத்துக்கோ வேறு எந்த நோக்கத்துக்கோ' யானையை மாற்றவும் கொண்டுசெல்லவும் வழி திறந்தது. அதற்கான விதிகள் 2024-இல் வெளியாயின.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டின் வளர்ப்பு யானைகள் மேலாண்மை, பராமரிப்பு விதிகள் நடைமுறையில் உள்ளன. இருப்பிடம், தீவனம், மருத்துவப் பரிசோதனை, பாகன், பதிவேடு என எல்லாவற்றையும் அவை பேசுகின்றன. கோவில்கள் இனிப் புதிதாக யானைகளைப் பெறக் கூடாது என்று அறிவுறுத்துமாறு 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு ஆணையிட்டது.

யானையின் நலன் குறித்து இவ்வளவு இருக்கிறது. இழப்பு நேர்ந்த பிறகு தண்டிக்கவும் சட்டம் உண்டு. விலங்கை அலட்சியமாக வைத்திருந்து மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. நலனுக்கும் தண்டனைக்கும் இடையில் உள்ள நிலப்பரப்புதான் வெறுமையாகக் கிடக்கிறது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எவ்வளவு கூட்டத்தில், எத்தகைய கொட்டகையில் என்ற கேள்விகளை அன்றாடம் கேட்க ஊரில் ஆள் இல்லை.

சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சியின் உரிமம் வேண்டும். 2024 மே மாதம் அங்கே ஒரு மாநகராட்சிப் பூங்காவில் வளர்ப்பு நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பின், அந்த உரிமம் பற்றி ஊரே பேசியது. இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டியை நிறுத்திச் சான்றைக் கேட்கக் காவலருக்கு அதிகாரம் உண்டு. மூன்று டன் எடையுள்ள யானையின் முன் நின்று அதே கேள்வியைக் கேட்கும் அலுவலர் தெருவில் எவரும் இல்லை.

நான்கு நிகழ்வுகள்

2018 மே 25 அன்று சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்குள், பக்தர்கள் கண்ணெதிரே, மசினி என்ற யானை தன் பாகனைக் கொன்றது. குட்டியாகக் காட்டில் மீட்கப்பட்டுக் கோவிலுக்கு வழங்கப்பட்ட இளம் யானை அது. பின்னர் எங்கள் மாவட்டத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்று, முதுமலைக்கே திரும்ப அனுப்பப்பட்டது.

2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் யானை இலட்சுமி, காலை நடைப்பயிற்சியின்போது சாலையிலேயே சரிந்து இறந்தது. 2024 செப்டம்பரில் குன்றக்குடி சண்முகநாதர் கோவில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பற்றிய தீயில் காயமுற்று மாண்டது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில் தெய்வானை என்ற யானை பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது.

ஒவ்வொரு முறையும் நாளிதழ்கள் 'மதம் பிடித்ததா, கோபம் வந்ததா' என்று விலங்கின் மனத்தை ஆராய்கின்றன. பெண் யானைகளுக்கு ஆண் யானைகளைப் போல மதக்காலம் கிடையாது என்பதைக்கூட யாரும் நினைவில் கொள்வதில்லை. இந்நிகழ்வுகளில் நான் காண்பது வேறு. கூட்டம் நெருங்கும் இடம், தார்ச் சாலை, தீப்பற்றக்கூடிய கொட்டகை, மனிதர்கள் அருகில் செல்லும் தூரம் ஆகிய அனைத்தும் உள்ளூர் விவகாரங்கள். கட்டட விதி, தீத்தடுப்பு, தெரு, கூட்டம் ஆகியவற்றைக் கவனிப்பவை உள்ளாட்சியும் அதனோடு இணைந்த துறைகளுமே.

கீற்றுக் கொட்டகையைப் பற்றித் தஞ்சை மாவட்டத்தாருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பிறகுதான் மாநிலமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. விதி அதற்கு முன்பும் இருந்தது. சென்று பார்த்தவர் இல்லை. சங்கிலியால் பிணைக்கப்பட்ட விலங்கு தீயிலிருந்து ஓடவும் முடியாது.

பிற நாடுகளும் அண்டை மாநிலமும்

பிரிட்டனில் 1960-களிலும் 70-களிலும் சிங்கக்குட்டிகளை வீட்டில் வளர்ப்பது ஒரு மோகமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1976-இல் ஆபத்தான வன விலங்குகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சிறப்பு, அதிகாரத்தை உள்ளூர் மன்றத்திடம் ஒப்படைத்ததே. விலங்கை வைத்திருக்க விரும்புபவர் தன் ஊர் மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். கால்நடை மருத்துவர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதற்கான செலவு விண்ணப்பதாரருடையது. பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு கட்டாயம். உரிமம் காலவரையறை உடையது. அட்டவணையில் யானையும் உண்டு.

அதற்கு முன்பே, 1957-இல், லண்டனில் ஒரு வழக்கு வந்தது. சர்க்கஸுக்குக் கொண்டுவரப்பட்ட பர்மிய யானை, ஒரு சிறு நாய் குரைத்ததால் மிரண்டு, அருகில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. பசுவைப் போலச் சாதுவானது அந்த யானை என்பதை நீதிபதி டெவ்லின் ஏற்றுக்கொண்டார். ஆனாலும், யானை என்ற இனமே ஆபத்தானது என்பதால் உரிமையாளர் முழுப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். 'எங்கள் யானை குழந்தை மாதிரி' என்று சொல்லும் நம் ஊர்களுக்கும் இதில் செய்தி உண்டு.

உள்ளூர் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் சாட்சி. 2011 அக்டோபரில் ஜேன்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே ஒருவர் தான் வளர்த்த புலி, சிங்கம், கரடி உள்ளிட்ட சுமார் ஐம்பது விலங்குகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இரவோடு இரவாகக் காவலர்கள் பெரும்பாலான விலங்குகளைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டே அங்கு உரிமமும் காப்பீடும் கோரும் சட்டம் வந்தது. சவங்களை எண்ணிய பிறகு வரும் சட்டம் அது.

கேரளத்தில் திருவிழா யானைகளை மேற்பார்வையிட மாவட்டக் குழுக்கள் இயங்குகின்றன. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் யானைகளுக்கு இடையே மூன்று மீட்டர், மக்களுக்கும் யானைக்கும் இடையே எட்டு மீட்டர் என்று அளவுகோல்களை வகுத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தொலைவிலிருந்து எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவை விதிப்பதில் உள்ள இடர்ப்பாட்டை இது காட்டுகிறது. கும்பகோணத்தின் கடைத்தெருவும் திருவாரூரின் அகன்ற தேர்வீதியும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அறிந்தது அந்தந்த ஊர்தான்.

எதிர்வாதங்கள்

குப்பையையே ஒழுங்காக அள்ளாத நகராட்சியிடம் யானையை ஒப்படைப்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யானையை ஒப்படைக்கச் சொல்லவில்லை. உரிமையும் நலனும் வனத்துறையிடமே இருக்கட்டும். தெருவும் கொட்டகையும் கூட்டமும் மட்டும் உள்ளாட்சிக்கு. இது புதிய அதிகாரமும் அன்று. அண்டையாருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ விலங்கை வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பு நம் நகராட்சிச் சட்டங்களுக்குப் பழக்கமானதே. அரசமைப்பின் 12-ஆவது அட்டவணையும் விலங்குவதைத் தடுப்பை நகராட்சிகளின் பணிப்பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இது பக்திக்கு எதிரானது என்பது இரண்டாவது வாதம். எங்கள் பெரிய கோவிலில் நடிகர் சிவாஜி கணேசன் வழங்கிய வெள்ளையம்மாள் என்ற யானை நெடுங்காலம் இருந்தது. அதனிடம் ஆசி பெறாத தஞ்சைக் குழந்தைகள் அன்று அரிது. என் மகளும் பெற்றவள்தான். அது மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே வேறு யானை வரவில்லை. வழிபாடு குறைந்துவிடவில்லை. கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோவிலின் மங்களமும் மயிலாடுதுறை மயூரநாதர் கோவிலின் அபயாம்பாளும் மக்கள் அன்புக்குரியவை. அன்புக்குரியவற்றின் மீதும் அவற்றோடு வாழும் பாகன் மீதும் அக்கறை கொண்டவர்களே விதியை முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது வாதத்தில் நியாயம் உண்டு. கட்டணமும் காப்பீடும் கடைசியில் பாகன் தலையில் விழும் என்பார்கள். ஆகவே செலவு முழுவதும் உரிமைச் சான்று யார் பெயரில் உள்ளதோ அவருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். சமயபுரத்திலும் திருச்செந்தூரிலும் பாகன் உயிரிழந்தார் என்பதை மறக்கலாகாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வளர்ப்பு யானை உள்ள ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும் அதன் உரிமைச் சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் நகலைப் பெற்று, ஆண்டுக்கு ஒருமுறை பொதுப் பாதுகாப்பு உரிமம் வழங்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் பாகனுக்கான காப்பீடும் அதன் நிபந்தனைகளாகட்டும்.

இரண்டாவதாக, யானை நடக்கும் வழியையும் நேரத்தையும் உள்ளாட்சி குறித்துத் தர வேண்டும். யானைக்கு நம்மைப் போல வியர்த்து உடல் தணியும் அமைப்பு இல்லை. கோடையில் முற்பகல் தொடங்கி மாலை வரை தார்ச் சாலைக்குத் தடை இருத்தல் நல்லது.

மூன்றாவதாக, கொட்டகைக்குக் கட்டடச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் வேண்டும். கீற்றும் தற்காலிக மின் இணைப்பும் அங்கே கூடா. ஆபத்தில் உடனே கழற்றத்தக்க பிணைப்பு இருக்க வேண்டும்.

நான்காவதாக, திருமணம், கடைத் திறப்பு, ஊர்வலம் ஆகியவற்றுக்கு யானையை வாடகைக்கு அழைப்பதை உள்ளாட்சி அனுமதிக்கலாகாது. வெடியும் ஒலிபெருக்கியும் உள்ள இடத்துக்கு யானை வருவதில் யாருக்கும் நன்மை இல்லை.

ஐந்தாவதாக, புகாரைப் பெற ஓர் அலுவலரின் பெயரும் எண்ணும் யானை இருக்கும் இடத்திலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். அவர் வனத்துறையையும் கால்நடை மருத்துவரையும் அழைப்பவராக இருக்கட்டும். அழைப்பவர் மூன்று அலுவலகங்களைச் சுற்ற வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. புதிய சட்டமன்ற மசோதாவும் உடனே தேவையில்லை. 2011 விதிகளில் உள்ளாட்சிக்கு ஓர் இடம் தரும் திருத்தமும், நகர்மன்றத் தீர்மானமும் போதும்.

2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. 1992 மகாமகத்தில் நெரிசலில் சுமார் ஐம்பது உயிர்களைப் பறிகொடுத்த ஊர் அது. கூட்டம் என்பது என்ன, ஒரு நொடிக் கலக்கம் என்ன செய்யும் என்பதை அந்த ஊர் அறியும். இன்று மாநகராட்சியாக உயர்ந்துள்ள கும்பகோணம், அந்த நாள்களில் எந்தத் தெருவில் யானை நடக்கும், எந்தத் தெருவில் நடக்காது என்பதை இப்போதே தீர்மானித்து அறிவித்தால், பிற ஊர்களுக்கும் அது முன்மாதிரியாகும்.

"யாருக்காவது அடிபட்டதா?" என்று காவல் நிலையத்தில் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அடிபடும் முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதற்காகத்தான் ஊருக்கு ஒரு மன்றத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்.